டீக்கு முன் போடும் டிக்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நலம். நூம்பலில் எடுத்த வாடகை வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது.

அம்பத்தூரில் பிரேக் உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்குத்தான் இப்போது போகிறேன். அங்கே ஓடும் பழைய சாஃப்ட்வேரை எழுதியவர்கள் யாரும் இப்போது அங்கே வேலையில் இல்லை. டேட்டாபேஸில் கிடக்கும் பதிவுகளைப் படித்து, எந்த வேலைக்குப் பின் எது நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதில் ஒன்று உறுத்தியது. தினமும் பத்தேகாலுக்கு எல்லாப் பெட்டிக்கும் 'சோதித்தாயிற்று' என்று பதிவாகிறது. பொருள் மெஷினை விட்டு இறங்குவதே பதினொரு மணிக்கு.

சூப்பர்வைசர் தேவாவிடம் கேட்டேன்.

"இன்னா மேடம், டீக்கு முன்னாடி மொத்தமா டிக் போட்டுக்கினு பூடுவோம். அப்பால பாத்துக்குவோம்."

"அப்பால பாக்குறீங்களா?"

அவர் சிரித்தார். நான் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது எதைப் பார்த்தாலும் சந்தேகம். உங்கள் வாட்ஸ்அப்பையும் புரட்டினேன். தினமும் சரியாக எட்டு மணிக்கு 'சுகர் மாத்திரை போட்டாச்சு'. மாத்திரை தீர்ந்து அம்மா பதினொரு மணிக்குக் கடைக்குப் போன அன்றும் எட்டு மணிக்கே வந்திருக்கிறது! போனில் கேட்டால் அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். இனிமேல் மாத்திரையைப் பிரித்ததும் அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள். பருப்புப்பொடியும் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள்.

கம்பெனி வேன் வந்துவிட்டது. நான் அனுப்பும் 'சாப்பிட்டாச்சு' எல்லாம் எத்தனை மணிக்கு வருகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள்.

எழிலரசி