நான் பொய் சொன்ன ஆராய்ச்சி

அன்பு மகள் தாரணிக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் இங்க நடமாட்டமா இருக்கோம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிர்ல நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கணும்னு சாமியைக் கேட்டுக்கறேன். தினம் போன்ல பேசறோமே, லெட்டர் எதுக்குன்னு நினைப்பே. போன் வந்தா அப்பா ஸ்பீக்கர்ல போடச் சொல்றாரு. அவர் எதிர்ல பேச முடியாத சமாச்சாரம் இது, அதான் பருப்புப்பொடி பார்சல்லயே மடிச்சு வெக்கறேன்.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம பொம்மனஹள்ளித் தெருவுக்கு சஹானான்னு ஒரு பொண்ணு வந்தா. உன் வயசு இருக்கும், கழுத்துல கார்டு, கையில சிலேட்டு மாதிரி ஒரு டேப். ஏதோ வெளிநாட்டு யூனிவர்சிட்டி ஆராய்ச்சியாம். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு உடம்புல ரத்தம் எவ்வளவு இருக்கு, அதைச் சரி பண்ணினா சம்பாத்தியம் கூடுதா, வீட்டுல அவங்க பேச்சு எடுபடுதான்னு பாக்கறாங்களாம். எனக்கு அப்பவே மனசு ஒப்பலை. இருபது வருஷமா செக்கிங் டேபிள்ல நிக்கறேன், இதுவரைக்கும் யாரும் என் ரத்தத்தை விசாரிச்சதில்லை, எங்கியோ இருக்கறவங்களுக்கு இப்ப என்ன புதுசா அக்கறை. எங்க ஃபேக்டரி அனுப்பிச்சுதான்னு நேராவே கேட்டேன். இல்லம்மா, இது ஃபேக்டரிக்குப் போகாது, பேர் கூட இருக்காது, வெறும் நம்பர்தான், ஹெதர்பேடின்னு கன்னடத்துல சொன்னா. பயப்படாதேன்னு யாராவது சொன்னாதான் எனக்கு பயமே வரும். அதுலயும் சீட்டு குலுக்கிப் பாதித் தெருங்களுக்குத்தான் இப்ப ரத்தம் ஊற மாத்திரையாம், மீதித் தெருங்களுக்கு ஆறு மாசம் கழிச்சாம். நம்ம தெரு மீதியில விழுந்துடுச்சு. ரத்தம் பாக்க விரல்ல குத்தறது எல்லாருக்கும், மாத்திரை பாதிப் பேருக்கு, இது என்ன நியாயம் சொல்லு. அப்புறம் கேள்வி. தீட்டு நேரத்துல ரொம்பப் போகுதா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா வீட்டுல யார் முடிவு பண்றது, வீட்டுக்காரர் கை நீட்டுவாரா. முன்னபின்ன தெரியாத பொண்ணு இதெல்லாம் கேக்கறா. நான் எல்லாத்துக்கும் பொய்தான் சொன்னேன். உடம்புக்கு ஒண்ணுமில்லை, எல்லாம் நானே முடிவு பண்றேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

பக்கத்து வீட்டு உஷா உனக்குத் தெரியும், எங்க லைன்லயே டெய்லர், புருஷன் போனப்புறம் ரெண்டு பிள்ளைங்களை ஒத்தையா வளக்கறா. அவளுக்கு ரத்தம் ஆறரைதான் இருக்குதுன்னு வந்துச்சு. பன்னெண்டாவது இருக்கணுமாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சஹானா ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா, நானே கூட வரேன்னும் சொன்னா. உஷா அதை அரிசி டப்பாவுக்கு அடியில வெச்சுட்டு, லீவு போட்டா வேலை போயிடும்க்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

பத்து நாள் கழிச்சு ஃப்ளோர் இன்சார்ஜ் அவளைக் கூப்பிட்டு, மெஷின்ல மயக்கம் போட்டு விழுந்தா யார் பொறுப்புன்னு கேட்டு, நூல் வெட்டற ஹெல்பர் வேலைக்கு மாத்திட்டாரு. டாக்டர் லெட்டர் கொண்டா, இல்லைன்னா வீட்டுல இருன்னுட்டாரு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. நினைச்ச மாதிரியே நம்மளை வித்துட்டாங்கன்னு, மறுநாளே ரெண்டு பஸ் மாறி லிங்கராஜபுரத்துல இருக்கற அவங்க ஆபீசுக்குப் போயி கத்தினேன். சஹானா தண்ணி கொண்டு வந்து குடுத்தா. அவங்க மேடம் என்னை உக்கார வெச்சு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாங்க, உஷா பேரும் இல்லை, ஃபேக்டரி பேரும் இல்லை, நம்பர்தான். அந்த ஆறரை வேற யாருக்கும்மா தெரியும்னு கேட்டாங்க. உஷாவுக்கும் எனக்கும்தான்னு சொல்லும்போதே எனக்கு விளங்கிடுச்சு. அந்த ஞாயித்துக்கிழமைக்கு மறுநாள் கேன்டீன்ல நான்தான் பத்து பேரை வெச்சுக்கிட்டு, யாரும் விரலை நீட்டாதீங்கடி, உஷாவுக்கு ஆறரைன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க, இது ஆபீசுக்குப் போனா அவ கதி என்னன்னு சொன்னேன். நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன் தாரணி. பஸ்ல திரும்பி வரும்போது இறங்கற ஸ்டாப்பைக் கூட விட்டுட்டேன்.

நேரா உஷா வீட்டுக்குப் போயி நடந்ததைச் சொன்னேன். குழாயை மூடிட்டு கையைத் துடைச்சுக்கிட்டா. அப்புறம் சொன்னா, எனக்குத் தெரியும்க்கா, கேன்டீன்ல கேட்டவங்களே வந்து சொன்னாங்க, நீங்களா வந்து சொல்றீங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்னு. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்.

மறுநாள் லீவு போட்டு நானே அவளைக் கூட்டிக்கிட்டுப் போனேன், சஹானாவும் வந்தா. கர்ப்பப்பையில கட்டி, அதான் அத்தனை ரத்தம் போயிருக்கு. ட்ரிப்ஸ்ல இரும்புச்சத்து ஏத்தினாங்க, அடுத்த மாசம் ஆபரேஷன். டாக்டர் லெட்டரை எடுத்துக்கிட்டு இன்சார்ஜ் முன்னாடி நின்னு, கேன்டீன்ல பேசினது என் தப்பு, அதுக்கு இவளைத் தண்டிக்காதீங்கன்னு எல்லார் எதிர்லயும் சொன்னேன். நோடோணா, பாக்கலாம்னுட்டுப் போயிட்டாரு. போன திங்கக்கிழமை மெஷின் குடுத்திருக்காங்க, ஆனா அவளோட பழைய லைன் இல்லை, வேற லைன். அதுல என்ன உள்குத்து இருக்கோ தெரியலை.

அப்புறம் சஹானாவைக் கூப்பிட்டு, நான் சொன்னதெல்லாம் பொய், மறுபடி எழுதிக்கன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போக யார் முடிவு பண்றதுன்னு அதே கேள்வியைக் கேட்டா. அப்பாவைக் கேக்கணும், கேட்டா இப்ப என்ன அவசரம்பாரு, அதனால நாலு வருஷமா கேக்கவே இல்லைன்னேன். எனக்கும் உஷா மாதிரிதான் போகுது, உன்கிட்ட சொன்னதில்லை. இத்தனை எழுதிக்கிட்டுப் போறீங்களே, முடிவு என்னன்னு எங்ககிட்ட வந்து சொல்வீங்களான்னு கேட்டேன். சொல்வோம்மான்னா. அவ பேச்சை மட்டும் நம்பலை, எழுதிக் கையெழுத்து வாங்கி பீரோவுல வெச்சிருக்கேன்.

வர்ற வியாழக்கிழமை நான் டாக்டரைப் பாக்கப் போறேன், உஷா கூட வரா. அப்பாகிட்ட கேக்கலை, போறேன்னு சொல்லிட்டேன். சமையல் யாருன்னு கேட்டாரு, அரிசி டப்பா இருக்கற இடத்தைக் காட்டினேன்.

இத்தனைக்கும் அப்புறம் உன் மேலயும் சந்தேகம் வந்துடுச்சு. நல்லா இருக்கியாடின்னு தினம் கேக்கறேன், நல்லா இருக்கேம்மான்னு தினம் சொல்றே. நானும் சஹானாகிட்ட அப்படித்தான் சொன்னேன். நிஜமா எப்படி இருக்கேன்னு, யார் எதிர்லயும் இல்லாம, ஒரு பேப்பர்ல எழுதி அனுப்பு. ரத்தம் டெஸ்ட் பண்ணிக்க மறக்காதே. நோய்நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும் நீ.

உன் அம்மா,
யசோதா