பள்ளத்துப் பாதி

தை மாதம், வெள்ளிக்கிழமை.

விவாகரத்துக்கு முன் எங்கள் தேயிலைத் தோட்டத்தைப் பிரிக்க வக்கீலம்மா இன்று நேரிலேயே வந்தார். குறுக்கே கயிறு கட்டினோம். மேட்டில் ஒரு பாதி, பள்ளத்தில் ஒரு பாதி.

"யாருக்கு எதுங்க?" என்றார் வக்கீலம்மா.

பள்ளத்தில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகிவிடும். அது என் பங்கானால் எதைக் கிள்ளிப் பிழைப்பேன்?

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "எனக்குப் பள்ளம்."

கூடையைத் தொட்டே அறியாத மனுசன். தெரியாமல் கேட்கிறார் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை.

"ஏனுங்க, அங்க பனி கொட்டுமுங்க. செடிக்கெல்லாம் ஸ்வெட்டர் போட்டு விடுவீங்களா?"

வக்கீலம்மா சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"தெரியும் புள்ள. ஓடைக்கிட்ட மூணு வரிசைலதான் மொதல்ல பனி விழும். நீ மேட்ட எடுத்துக்கோ."

மூன்று வரிசை! சரியாகச் சொல்கிறார். வெயில் வந்தால் பனி போய்விடும். விடியும்போது போனால்தான் அது கண்ணில் படும். இருபது வருடமாக ஒன்பது மணிக்கு முன் போர்வையை விலக்காத மனுசன், எந்தக் காலையில் அங்கே போய் நின்றார்? நான் எங்கே இருந்தேன்?

எந்தக் காலை என்று, கையெழுத்துப் போடும்போதே அவரிடம் கேட்டிருக்கலாம்.