பனிக்குடமும் ஒரு கடைசி வரியும்

பசை இன்னும் தயாராகவில்லை, சயாமா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை போட்டாதாங் படகுத்துறையில், கடலுக்குப் போய் வந்த படகின் கயிறு ஈரத்தோடு கிடந்தது. அதில் கரிய சிப்பிகள் கொத்தாக ஒட்டியிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கயிறுதான் கூடவே வந்தது.

கியாக்டடாவில் உங்கள் ஆய்வறைக்கு நான் முதலில் வந்து, ஆசிரியையைப் பர்மியர் அழைப்பதுபோல் 'சயாமா' என்று உங்களை அழைத்த நாளில், மேசைமேல் இதே சிப்பி ஒன்று இருந்தது. "இதுக்குத் தண்ணிக்குள்ள ஒட்டத் தெரியுது, நிருபரே. எனக்குத் தெரியல" என்றீர்கள். கருவிலிருக்கும் குழந்தைக்கு அறுவை செய்யக் கருவியை உள்ளே விடும்போது பனிக்குடத்தில் துளை விழுகிறது. கர்ப்பப்பையின் தசை ஆறிவிடும், இந்த மெல்லிய சவ்வு தானாக மூடிக்கொள்வதில்லை. நீர் கசிந்தால் குழந்தை முன்கூட்டியே பிறந்துவிடும். அந்தத் துளையை அடைக்கத்தான் சிப்பியின் பிசினைப் போன்ற ஒரு பசையைத் தேடினீர்கள்.

பிரசவித்த தாய்மார் சம்மதித்துக் கொடுத்த சவ்வுகளை வளையத்தில் இழுத்துக் கட்டி, ஊசியால் துளைத்து, நீருக்குள் வைத்தே பசையிட்டு, மேலிருந்து நீரின் அழுத்தத்தை ஏற்றுவீர்கள். ஒழுகினால் "ஒழுகியது" என்று எழுதுவீர்கள். ஒழுகாவிட்டால் மறுநாளும் பார்ப்பீர்கள். அநேகமாக மறுநாள் ஒழுகியிருக்கும். நீங்கள் சலித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

பர்மிய நாளிதழில் அதைக் கவனமாகவே எழுதினேன். பிறகு இங்குள்ள நம் தமிழ்ச் சங்கத்தின் மாத இதழுக்குச் சுருக்கிக் கொடுத்தேன். இடம் போதவில்லை. எங்கள் தொழில் வழக்கப்படி கட்டுரையை அடியிலிருந்து வெட்டினேன். போனது ஒரே வரி: இது இன்னும் ஆய்வறையைத் தாண்டவில்லை.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், கர்ப்பிணியான ஆயிஷாவுக்கு அவள் கணவர் அதை வாசித்துக் காட்டியிருக்கிறார். வயிற்றிலிருந்த குழந்தையின் முதுகுத்தண்டு மூடாமல் இருந்ததால், அறுவைக்காக அவள் வெளிநாடு போகவிருந்தாள். துளையைத்தான் ஒட்டிவிடுவார்களே என்று, வீட்டிலிருக்கும் மூத்த மகளுக்காகப் பத்தே நாளில் திரும்ப விமானச் சீட்டு எடுத்திருந்தார்கள். கணவர் அதைச் சந்தோஷமாக உங்களிடம் சொல்ல வந்தபோதுதான், நான் வெட்டிய வரி உங்களுக்குத் தெரியவந்தது.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. "பஸ் ஏறுவோம், வாங்க" என்றீர்கள். அவள் வீட்டில் முதலில் பேச என்னை விட்டீர்கள். தப்பு என்னுடையது என்று நான்தான் சொன்னேன். அவள் உங்களையே பார்த்தாள்.

"அப்ப அந்தப் பசை எனக்கு இல்லையா, சயாமா?"

"உனக்கு இல்லம்மா. பிள்ளை பிறக்குறவரை அங்கேயே, ஆஸ்பத்திரிப் பக்கத்துலயே இருக்கணும்."

கணவர் என் பக்கம் திரும்பி, "பேப்பர்க்காரரே, உங்க பசைதான் முதல்ல பிச்சுக்கிட்டுப் போச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை, உங்களைத் தவிர. பிறகு அவரும் சிரித்தார். மூத்தவளை அவருடைய தங்கை பார்த்துக்கொள்வதென்று அங்கேயே முடிவானது.

அறுவை முடிந்த ஐந்தாம் வாரம், ஒரு மதிய நேரத்தில் ஆயிஷாவின் பனிக்குடம் உடைந்தது. தங்கியிருந்த அறைக்கு எதிரே ஆஸ்பத்திரி. சீட்டின்படி திரும்பியிருந்தால் அவள் இங்கே இருந்திருப்பாள், அத்தனை சிறிய பிள்ளையைக் காப்பாற்றும் வசதிக்கு அலைந்துகொண்டு. கைக்கடக்கமாய்ப் பிறந்த அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறான், ஆனால் நடக்கிறான். அவன் பிறந்த செய்தி வந்த அன்றும் உங்கள் நோட்டில் "ஒழுகியது" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் மறைந்து ஒரு வருடமாகிறது. உங்கள் வளையங்களை இப்போது வேறு கைகள் எடுத்திருக்கின்றன, வேறு ஊர்களிலும் தேடுகிறார்கள். அவ்வப்போது விசாரித்து எழுதுகிறேன். எது இன்னும் ஆகவில்லையோ, அதை முதல் வரியில் வைக்கிறேன். அடியிலிருந்து யார் வெட்டினாலும் அது நிற்கும்.

இந்த மடலையும் அப்படித்தான் தொடங்கினேன், சயாமா.