புரொஜெக்டருக்கு ஊற்றிய பீரும் நீ பிறக்காத கனடாவும்

கோபகபானா,
அக்டோபர் 9

என் செல்ல யோசலினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், டிட்டிகாகா ஏரியும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நீ சுகமா என்று உன் கடிதத்தில் வரிவரியாகத் தேடினேன். வியட்நாம் மழை, நூடுல்ஸ், ஸ்கூட்டர் நெரிசல் எல்லாம் இருந்தது, அதை மட்டும் காணோம். கடைசிப் பக்கத்தில்தான் விஷயத்தைக் கக்கியிருக்கிறாய். பொலிவியாக்காரி இங்கிலீஷ் நடத்துகிறாள் என்றால் பெற்றோர் யோசிப்பார்கள், கனடா என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்று உன் தலைமையாசிரியர் சொன்னாராம், நீயும் மண்டையை ஆட்டிவிட்டாயாம். இப்போது நவம்பரில் வரும் வியட்நாம் ஆசிரியர் தினத்தன்று மேடையேறி உன் ஊரைப் பற்றிப் பேச வேண்டுமாம், என்ன செய்யட்டும், பேசாமல் மூட்டை கட்டி வந்துவிடவா என்று கேட்கிறாய். போனில் பேசினால் நீ ஒரு பக்கம் அழுவாய், நான் ஒரு பக்கம் அழுவேன், ஒன்றும் உருப்படாது. அதனால்தான் காகிதம். அடி அசடே, கனடாவில் உன் தெரு எது என்று ஒரு பிள்ளை கேட்டால் என்னடி சொல்வாய்?

திட்டுவதற்காக எழுதவில்லை. திட்ட எனக்கு முகமும் இல்லை, போன வாரம் நானும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்தேன். இங்கிலீஷ் நடத்த நாம் இருவரும் ஒரே நாளில் ஒரே சான்றிதழ் வாங்கினோம், நீ விமானம் ஏறினாய், நான் சந்தைக்கு மேலே மாடி ஏறி வகுப்பு வைத்தேன். மீன் விற்பவர்களும் படகுக்காரர்களுமாகப் பதினேழு பேர் வருகிறார்கள். உன் அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், வீட்டுப்பாடம் செய்யலேன்னா ராத்திரி சோறு உண்டா?" என்று கேட்டு மானத்தை வாங்குகிறார். நமக்குப் பயிற்சி கொடுத்த அறக்கட்டளை ஒரு புரொஜெக்டர் அனுப்பியது. கூடவே ஒரு சேதி. கனடாவிலிருந்து மேகன் என்ற தன்னார்வலப் பெண் வந்திருக்கிறாளாம், வகுப்பை அவளிடம் கொடுப்பதா என்னிடமே விடுவதா என்று மேற்பார்வையாளர் ஹிமேனா அம்மா நேரில் வந்து பார்த்து முடிவு செய்வாராம். ஐம்பத்திமூன்று வயதில்தான் என்னை ஒருவர் டீச்சர் என்று கூப்பிட்டார், அது போய்விட்டால் நான் மறுபடியும் விடுதி அறையில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவள் மட்டும்தான். உன்னிடம் மறைப்பானேன், பயந்தே போனேன்.

பயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாரையும் நிற்க வைத்து, நாளைக்கு யாரும் கோகா இலை மெல்லக் கூடாது, அய்மாரா மொழியில் ஒரு வார்த்தை வரக் கூடாது, மீன் பேச்சே கூடாது, லண்டன் படம் காட்டுவேன், லண்டன் ஆட்கள் பேசுவதைப் போடுவேன், நீங்கள் திருப்பிச் சொன்னால் போதும் என்று உத்தரவு போட்டேன். சலுஸ்தியாவை உனக்குத் தெரியும், நான்காம் நம்பர் மீன் கடைக்காரி. அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அப்ப நாங்க எதுக்குக்கா வரணும், படமே பேசிக்கட்டுமே" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் மாடி ஏறினால் பீர் வாசனை குப்பென்று அடிக்கிறது. புதுச் சாமான் எதுவும் நம் ஊரில் பூவும் பீரும் படாமல் வேலை செய்யாதே! காரை எல்லாம் கோயில் வாசலில் நிறுத்தி மாலை போட்டுக் குளிப்பாட்டும் ஊர்க்காரர்கள், புரொஜெக்டரை மட்டும் சும்மா விடுவார்களா? பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது போல சலுஸ்தியாவை அதற்கு ஞானத்தாயாக வைத்து, பூமித்தாய்க்கு முதல் சொட்டு விட்டு, பூ தூவி, வண்ணக் காகிதம் தூவி, அதன் தலையிலும் ஊற்றிவிட்டார்கள். நான் சுவிட்சைப் போட்டதும் அது ஒரு தடவை இருமியது, லேசாகப் புகைந்தது, அடங்கிவிட்டது. "மூடியளவுதான்க்கா தெளிச்சேன், உங்க வகுப்பு நெலைக்கணும்னுதான்" என்று சலுஸ்தியா கண் கலங்குகிறாள். "மூடியா? பாட்டில்னு சொல்லு" என்று பின்னாலிருந்து உன் அப்பா. அந்த நேரம் பார்த்து ஹிமேனா அம்மாவும் மேகனும் படியேறி உள்ளே வருகிறார்கள். என் தலைமுடியெல்லாம் காகிதத் துண்டு.

லண்டன் போயாயிற்று, கையில் ஒன்றுமே இல்லை. சரி, போவது மரியாதையோடு போகட்டும் என்று மேகனை முன்னால் உட்கார வைத்து, இந்தப் பொண்ணு இப்பதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கா, விடாதீங்க என்றேன். அவ்வளவுதான், பாய்ந்துவிட்டார்கள். சலுஸ்தியா தலையோடு மீன், தலை இல்லாமல் மீன், பூண்டு போட்டது, போடாதது என்று அத்தனையையும் இங்கிலீஷில் விற்றாள். உன் அப்பா சூரியத் தீவுக்குப் படகு எப்போது, காற்று அடித்தால் எங்கே உட்கார வேண்டும் என்று பாதி வாயாலும் பாதி கையாலும் விளக்கினார். தப்பு இருந்தது, நிறையவே இருந்தது, ஆனால் ஒருவரும் வாயை மூடவில்லை. ஹிமேனா அம்மா சிரித்த சிரிப்பில் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

கடைசியில் அவர் நேராகவே கேட்டார், இனிமேல் மேகன் வந்து நடத்தினால் உங்களுக்குச் சம்மதமா என்று. சலுஸ்தியா எழுந்து, "நல்ல பொண்ணுதாங்க, குத்தம் சொல்லல. ஆனா பொறந்ததுலேர்ந்து பேசுறவளுக்கு நாங்க எங்க தடுக்கி விழறோம்னு எப்படித் தெரியும்? பெனிதாக்கா அதே எடத்துல விழுந்து எழுந்தவ" என்றாள். மேகனும் உண்மைதான், எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை, தானாக வந்தது என்று தலையாட்டினாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு நன்றாக அழுதேன். வகுப்பு என்னிடமே இருக்கிறது. மேகன் செவ்வாய்தோறும் பேச்சுத் துணைக்கு வருகிறாள், சலுஸ்தியா கடையில்தான் சாப்பாடு. புரொஜெக்டர் பிழைக்கவில்லை, ஆனாலும் ஞானத்தாய் அதைத் தினமும் துடைத்து வைக்கிறாள்.

இப்போது உன் விஷயம். இந்த உறையில் இன்னொரு காகிதம் இருக்கிறது பார். அது என் வேலை இல்லை. உன் கனடாவைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, உன் அப்பாவுக்கும் தெரியாது. வகுப்பே சேர்ந்து, உன் பிள்ளைகளுக்கு என்று, தாங்களாகவே இங்கிலீஷில் எழுதியது, நான் ஒரு பிழையையும் திருத்தவில்லை. உங்கள் டீச்சர் எங்கள் ஊர்ப் பெண், கோபகபானாவில் பிறந்தவள், நாயைக் கண்டால் ஓடுவாள், அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதி, பதினேழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சலுஸ்தியா தன் வாழ்நாளில் இங்கிலீஷில் எழுதிய முதல் கடிதம் இதுதான். இதைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டினால் அப்புறம் நீ கனடாக்காரியாக இருக்க முடியாது. வேலை போனாலும் போகும், அதையும் யோசித்துக்கொள். படிக்காவிட்டால் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள், நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் ஸ்கூட்டர் வேண்டாம். இதோடு அனுப்பும் பொட்டலத்தில் உலர்ந்த உருளைக்கிழங்கும், மிச்சமான வண்ணக் காகிதமும் இருக்கிறது. உன் வகுப்புக்குப் புதிதாக ஏதாவது வந்தால் தூவிவிடு, பீர் மட்டும் வேண்டாம். கோயில் மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும், என் கண்ணே, நீ எந்த ஊரில் நின்றாலும் தலை நிமிர்ந்து நில். கனடாப் பெண்ணைத் தோற்கடித்த கர்வத்தில் சொல்லவில்லை, உன்னைப் பெற்ற உரிமையில் சொல்கிறேன்.

ஒன்று மறந்துவிட்டேன். உன் பிள்ளைகளிடமிருந்து பதில் வந்ததா என்று சலுஸ்தியா இப்போதே தினமும் கேட்கிறாள். கடிதத்தை இன்னும் தபாலில் போடவே இல்லை என்று சொன்னாலும் கேட்கிறாள்.

உன் அம்மா,
பெனிதா கயிசாயா,
ஆங்கில ஆசிரியை, கோபகபானா, பொலிவியா