பச்சை மணலுக்கு ஒரு சாயச் சோதனை

மார்ச் 3

பாப்பா பனியன் மறுபடியும் பழுப்பு. ப்ளீச்சிங் முடித்து எடுத்தால் டீ வடிகட்டின துணி மாதிரி இருக்கிறது. போர்வெல் தண்ணீரில் இரும்பு. ஆர்டர் கொடுத்த மோகன்ராஜ் சொல்லிவிட்டார்: "பதினெட்டாந்தேதி வர்றனுங்க. அன்னிக்கும் இப்படியிருந்தா வேற யூனிட் பாத்துக்குவமுங்க." அந்த ஆர்டர் போனால் என் வீரபாண்டி சாய யூனிட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

மார்ச் 5

ஃபில்டர் போடும் ராஜவேல் பத்து மூட்டை பச்சை மணல் இறக்கினார். கிளாக்கோனைட்டாம். எந்தக் காலத்திலோ கடலடியில் படிந்த பாறையில் கிடைக்கும் கனிமமாம். தண்ணீரிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளுமாம்.

மணல் எதற்குப் பச்சையாக இருக்க வேண்டும்? முப்பது வருஷம் சாயத்தோடு கிடந்தவன் நான்.

மார்ச் 6

ஈர வெள்ளைத் துணியில் தேய்த்தேன். துணி பச்சை. வாளியில் கலக்கினேன். தண்ணீர் பச்சை. மாட்டினார் ராஜவேல்!

வரவழைத்து, வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். "ஆத்து மணலுக்குச் சாயம் போட்டு எனக்கே விக்கறீங்களா? அதுவும் ஒழுங்கா நிக்காத சாயம்!"

"அண்ணா, அது வெறும் தூசிங்க. நெறம் கல்லுலயே இருக்கறதுங்க."

"கல்லுக்குச் சாயம் ஏத்தறது எனக்குத் தெரியாதா?"

தெரியாது. வாயில் வந்துவிட்டது. மனுசன் மூட்டைகளைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

மார்ச் 8

வீட்டில் மனைவி ஜெயசுதா அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "ஏனுங்க, மொதத் தண்ணி வெள்ளையாத்தான வருது. அரிசிக்கு ஆரு சுண்ணாம்பு அடிச்சாங்க?"

யூனிட்டுக்குப் போய் ஒரு பிடி மணலை ஏழு தடவை அலசினேன். ஏழாவது தண்ணீர் தெளிவு. மணல் அதே பச்சை.

அட கெரகமே.

மார்ச் 9

பன்னிரண்டாவது தடவை போன் போட்டதும் ராஜவேல் எடுத்தார். "வர்றனுங்ணா. ஆனா அன்னிக்கு நின்னவங்க அத்தன பேரும் நிக்கோணும். அவங்க முன்னால நீங்க சொல்லோணும்."

நானா? மன்னிப்பா? அதெப்படி — இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

மார்ச் 10

சொன்னேன். வடக்கத்தி ஆட்களுக்குப் புரியவில்லையென்று சூப்பர்வைசர் மணியன் ஹிந்தியிலும் சொன்னான். அவனை யார் கேட்டது?

மார்ச் 13

ஃபில்டர் ஓடுகிறது. துணி இன்னும் காயவில்லை. நாலு தடவை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 18

மோகன்ராஜ் பனியனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மடித்து வைத்தார். "எல்லாத்துலயும் இதே வெள்ளை வரோணுங்க."

மத்தியானம் ராஜவேலுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. மூன்றாவது தடவையும் ரசம் கேட்டார். நானே எழுந்துபோய் ஊற்றினேன்.