இலவசக் காவல்காரர்கள்

5 ஜனவரி 2025, ஞாயிறு

காலைக் காபி நன்றாக இருந்தது. வசந்தாமணியிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்குப் பக்குவம் மாறிவிடும்.

குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகைக்கான பெயர்ப் பட்டியலை ராசிபுரத்தில் கோகுல்ராஜ் அச்சகத்தில் காட்டிவிட்டு வந்து, பென் டிரைவை வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினேன். உள்ளே இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாறிக் கிடக்கின்றன. வைரஸ். ஊரில் இருக்கிற பென் டிரைவ் அத்தனையும் நுழைந்து வெளியேறுகிற கம்ப்யூட்டர் அவனுடையது.

நல்லவேளை, மூலப்பிரதி கம்ப்யூட்டரில் இருக்கிறது. பங்காளிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பம். இருபதாம் தேதி அச்சுக்குப் போக வேண்டும்.

போன கும்பாபிஷேகத்துக்கு, 2013இல், இந்தப் பொறுப்பு மருதாசலத்திடம் இருந்தது. பெரியப்பா மகன், என்னைவிட ஒன்பது மாதம் மூத்தவன், நாமக்கல்லில் லாரி பாடி பட்டறை வைத்திருக்கிறான். எல்லார் பட்டமும் போட்டான். என் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.ஃபில். மட்டும் இல்லை. கேட்டதற்கு, "நீ படிச்சது சாமிக்குத் தெரியாதாடா?" என்றான். கோயில் வாசலில், அறுபது பேர் முன்னால். அன்றோடு பேச்சு நின்றது.

இந்த முறை பொறுப்பு என்னிடம். என் பெயர் பட்டத்தோடு வரும். அவன் பெயரும் வரும், பாலிடெக்னிக்கில் வாங்கிய டி.எம்.ஈ. இல்லாமல். சாமிக்குத் தெரியும்.

7 ஜனவரி

இலவச ஆன்டிவைரஸ் எது நல்லது என்று தேடினேன். கல்லூரியில் எங்கள் துறைத்தலைவர் (என்னிடம் படித்தவர், என்னைத் தாண்டிப் போனவர்) ஆந்தைப் படம் போட்ட ஒன்றைச் சிபாரிசு செய்தார். எனவே அது கழிந்தது. கேடயப் படம் போட்டதை இறக்கினேன்.

9 ஜனவரி

கேடயம் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று கோளாறுகளைக் கண்டுபிடித்திருக்கிறது. கண்டுபிடிப்பதுதான் இலவசமாம், சரிசெய்வதற்குக் காசு. பென் டிரைவை மட்டும் இலவசமாகவே சுத்தம் செய்தது. அதில் இருந்த பட்டியலையும் சேர்த்து.

கேடயத்தை வேவு பார்க்கப் பச்சைப் பூட்டுப் படம் போட்ட இன்னொன்றை ஏற்றினேன். பூட்டு கேடயத்தைத் திருடன் என்கிறது. கேடயம் பூட்டைத் திருடன் என்கிறது. மத்தியஸ்தத்துக்கு மூன்றாவதாக ஒன்று.

10 ஜனவரி

கம்ப்யூட்டர் திறக்க இருபது நிமிஷம் ஆகிறது. அதற்குள் பேப்பரைத் தலையங்கம் வரை படித்துவிட்டேன். நிம்மதியான காலை.

12 ஜனவரி, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மகள் தமிழினி போன்.

"அப்பா, எதுக்குங்க மூணு?"

"ஒருத்தன நம்பறதுக்கில்ல சாமி."

"உங்களாட்டமே அதுகளும் ஒண்ண ஒண்ணு நம்பாதுங்கப்பா. ரெண்டக் கழட்டுங்க."

பூட்டை மட்டும் வைத்துக்கொண்டேன்.

13 ஜனவரி, போகி

பூட்டு இன்று ஓர் எச்சரிக்கை காட்டியது: இந்த நிரல் நீங்கள் தட்டும் எழுத்துகளை ஒட்டுக்கேட்கிறது. ஒட்டுக்கேட்கிறவனை எனக்குப் பிடிக்காது. 'அடியோடு நீக்கு' என்பதை நானே, திருப்தியோடு, அழுத்தினேன்.

அது என் தமிழ்த் தட்டச்சு நிரல்.

2003இல் போட்டது. நான் தட்டுகிற ஒவ்வொன்றையும் கேட்டுத்தானே அது தமிழாக்கித் தரும்? கேட்பதுதான் அதன் வேலை. எழுத்துருவும் அதோடு போய்விட்டது. பட்டியலைத் திறந்தால் ஒரு பெயர்கூட இல்லை, ஏதோ ஐரோப்பியக் கிறுக்கல். அய்யோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான். ஏழே நாள்தான் இருக்குது. ஒரு குடும்பம் விட்டுப் போனாலும் கோயிலுக்குள்ள எந்த மூஞ்சிய வச்சிட்டு நுழையறது?

14 ஜனவரி, பொங்கல்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. அச்சகம் பொங்கல் விடுமுறை; பட்டியலைப் பார்த்ததோடு சரி, கோகுல்ராஜ் பிரதி எடுக்கவில்லை. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். நாற்பத்தொரு குடும்பம் வந்தது.

"பழைய பத்திரிகையப் பாத்து எழுதலாமுங்களே?" என்றாள் வசந்தாமணி.

"அதக் கிழிச்சுப் போட்டேன்."

"யாரு ஊட்லயாச்சும் இருக்கும்."

இருந்தாலும் பயன் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் பிரிந்த குடும்பங்கள், வெளியூர் போனவர்கள் எல்லாம் நான் விசாரித்து விசாரித்துச் சேர்த்தவை.

"அந்தத் தமிழ் சீடி மருதாசல மாமாகிட்ட இருக்குமுங்க. ரெண்டு பேருந்தானே சேலம் போயி வாங்கியாந்தீங்க."

"கேக்க மாட்டேன்."

"நீங்க கேக்க வேண்டாமுங்க" என்று எழுந்து போனாள். தொனி சரியில்லை.

16 ஜனவரி

போன் பண்ணியிருக்கிறாள். பத்து மணிக்கு வண்டிச் சத்தம்.

"வாங்க மாமா" என்று முறுக்குத் தட்டை நீட்டினாள். அவன் என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். கையில் சீடி. மேலே பால்பாயின்ட் பேனாவில், என் கையெழுத்தில், எங்கள் இரண்டு பேர் பெயரும்: 'அன்பு – மருது, 2003'. இருபத்திரண்டு வருஷமாக வைத்திருக்கிறான்.

"இந்தப் பூட்ட யாரு போடச் சொன்னது?"

"நானேதான்."

"கழட்டு. கம்ப்யூட்டரோட வந்ததே ஒண்ணு உள்ள இருக்குது, இதுகளப் போட்டதும் தூங்கியிருக்கும். பட்டறைல எனக்கு அதுதான். பென் டிரைவ ஊர் மேய உடாத, அது போதும்."

பூட்டு போனதும் அது விழித்தது. சீடியிலிருந்து தமிழ் நிரலை ஏற்றியதும் அதுவும் அதைத்தான் பிடித்தது. மருதாசலம் அசரவில்லை. எங்கோ ஒரு பட்டியலைத் திறந்து நிரலின் பெயரைச் சேர்த்தான்.

"இவன் நம்மாளுன்னு எழுதி வச்சாத்தான் உடுவான்."

முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் தமிழில் வந்து நின்றன. எனக்கு மூச்சு வந்தது. அவன் நேராகத் தன் பெயருக்குப் போனான்.

"டி.எம்.ஈ.யக் காணோம்."

"சாமிக்குத் தெரியுமே."

முறுக்கு தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சிரித்தான். வசந்தாமணி தண்ணீரோடு ஓடிவந்தாள். குடித்துவிட்டுச் சொன்னான்: "அன்னிக்கு நானும் வேணும்னுதான்டா எடுத்தேன். எம்.ஃபில். வாங்குனதுலருந்து நீ ஒரு மனுசன மதிச்சியா? எங்கம்மா செத்த எழவுக்கு வந்தவன், அங்க நின்னுட்டு உம்பட ஆய்வேட்டப் பத்திப் பேசிட்டிருந்தே."

பேசினேனா? பேசியிருப்பேன். அப்போது யார் கிடைத்தாலும் அதைத்தான் பேசினேன். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இல்லை, எதிர்பார்த்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

17 ஜனவரி

பத்து நாளாகத் தேடிய இலவசம் கம்ப்யூட்டரோடேயே வந்ததாம். அவன் சொல்லி ஏற்க மனசில்லை. இருந்தாலும் வைத்துக்கொண்டேன்.

20 ஜனவரி

அச்சுப்பிரதி சரிபார்த்தாயிற்று, பிழை இல்லை. வீட்டுக்கு வந்தபின் கோகுல்ராஜுக்குப் போன் பண்ணி, மருதாசலம் பெயருக்குப் பின்னால் டி.எம்.ஈ. சேர்க்கச் சொன்னேன். "இனிமேலுங்களா சார்?" என்றான். ஆமாம், இனிமேல்தான்.

27 ஜனவரி

பத்திரிகை வந்தது. நல்ல தாள். பெயர்கள் பின்பக்கம், குடும்ப வரிசைப்படி. மருதாசலம், டி.எம்.ஈ. அதே வரியில் அவனை அடுத்து நான். வெறும் நான்.

கோகுல்ராஜைக் கூப்பிட்டேன். "அவரோடத சேத்தீங்கள்ல சார், வரி நீண்டுருச்சு. கடைசில இருந்தத எடுத்தாத்தானுங்க அடங்குச்சு."

எண்ணூறு பிரதி அடித்துக் கட்டிவிட்டான். போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன். காபிதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் போன். மருதாசலம். அவனுக்கும் பத்திரிகை போயிருக்கிறது.

"அன்பு, சத்தியமா இந்தத் தடவ நான் இல்லடா."

"தெரியும்ணா" என்றேன்.