அண்ணையின் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு

நவம்பர் 12, புதன்

நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான். எனக்கு வேறு புத்தகமா கிடைக்கவில்லை! ஜேர்மன் மொழியில் வந்த ஜப்பானியப் படக்கதை. அதில் ஒரு சிறுமி தினமும் காலையில் இறந்துபோன அப்பப்பாவின் படத்துக்கு முன்னால் சின்னக் கிண்ணத்தில் சோறு வைத்துக் கும்பிடுகிறாள். என் மகள் ஆரணிக்கு ஏழு வயது. மூன்று நாளாக அதையே வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் கடைசி யுத்தத்தில் என் அண்ணை காணாமல் போய்ப் பதினாறு வருடம். அவர் இறந்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அலுமாரியில் இருக்கும் அவருடைய படத்துக்கு நாங்கள் மாலை போட்டதில்லை, விளக்கு வைத்ததில்லை. ஊரில் அண்ணி இன்றும் குங்குமத்தோடுதான் இருக்கிறார்.

மாலையில் அண்ணி வீடியோவில் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"பின்னால என்ன அது? ஏதும் செய்தி வந்ததோ?"

திரும்பிப் பார்த்தேன். அண்ணையின் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு. பக்கத்தில் பற்றரி மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

"ஐயோ, இல்லை அண்ணி! பிள்ளை புத்தகத்தைப் பாத்திட்டு வைச்சிருக்கிறாள்."

ஆரணியை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். "மாமாவுக்குப் பசிக்குமெல்லோ" என்று அழுதாள்.

அண்ணி கிண்ணத்தைக் கிட்டக் காட்டச் சொன்னார். பிறகு, "கறி வைச்சவளோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணி, வெறும் சோறுதான்."

"அவருக்கு வெறும் சோறு இறங்காது" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார்.

மெழுகுதிரியை அணைத்துவிட்டேன். கிண்ணம் அங்கேயே இருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை. குழம்பு ஊற்றப் பயமாக இருக்கிறது.